தாத்தாவின் ஈஸி சேர்: இழைத்துத் தள்ளுவதா, அப்படியே விடுவதா?

கோத்தகிரிக்காரி | நவம்பர் 28
எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது உதவி தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் பழைய ஈஸி சேர் ஒன்று இருக்கிறது. கை இரண்டும் அகலப் பலகை. அதனடியில் மடங்கியிருக்கும் இன்னொரு பலகையைத் திருப்பி முன்னால் விட்டால் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். எஸ்டேட் பங்களா வராந்தாக்களில் பார்த்திருப்பீர்களே, அதே சாதி. தாத்தா ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். பங்களா கைமாறியபோது மற்ற சாமான்கள் ஏலத்துக்குப் போயின, இது மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது.

இப்போதைய நிலை: பின்னங்கால் ஒன்று ஆடுகிறது. பிரம்பு நடுவில் கிழிந்து தொங்குகிறது. பாலிஷ் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. காலையில் கூட்டும்போது அடியில் கொஞ்சம் மாவு மாதிரி கொட்டியிருக்கிறது. வலது கையில் ஒரு கறுப்பு வட்டம். துரை விஸ்கி கிளாஸ் வைத்து வைத்து விழுந்த தடம் என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

தம்பிக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் மெஷின் போட்டு இழைத்து, பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் அடித்து, ஒரே நாளில் புத்தம் புதிதாக்கித் தருகிறேன் என்கிறார். நானே செய்து பார்க்கலாமே என்று 80 நம்பர் உப்புத்தாள் வாங்கி, சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன். ஊதா நிறத்தில் தூள் வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். என்ன செய்யட்டும்?

மரக்கடைப் பையன் (மேட்டுப்பாளையம்) | நவம்பர் 28
அக்கா, உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள். ஊதாத் தூள் என்றால் பெரும்பாலும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். தேய்த்த இடத்தில் இலேசாக இனிப்பு வாசம் வந்ததா? தேக்கு என்றால் தூள் மஞ்சள் கலந்த பழுப்பாக, பழைய தோல் பை வாசத்தோடு இருக்கும்.

நாற்காலியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஈட்டி கன அடிக்கு 24 கிலோ பக்கம் வரும், தேக்கு 18 கிலோ பக்கம். இன்னொன்று, தண்ணீரில் மூழ்கினால்தான் அசல் ஈட்டி என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். காய்ந்த ஈட்டி மிதக்கும், மூழ்குவது கருங்காலி.

தமிழ்நாட்டில் 1994-இல் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டா நிலத்தில் நின்ற மரமாக இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது என்ற நிலை அதோடு வந்தது. 2017 முதல் இந்த மரக் குடும்பம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. நீங்கள் அன்று தேய்த்து உதறிய தூளை எங்கள் கடையில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

பளபளா | நவம்பர் 29
நான் எதிர்க்கட்சி. அது அருங்காட்சியகப் பொருளா, உட்காரும் நாற்காலியா? ஸ்பிரிட் பாலிஷ் (அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது) மேல் சூடாக ஒரு டம்ளர் வைத்தால் வெள்ளையாகத் தடம் விழும். குளிர் தேசத்தில் நாள் முழுக்க டீ குடிக்கிறவர்கள் நாம். பியூ போட்டால் பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆசாரியை வரச் சொல்லுங்கள். பழசு பழசு என்று அழுக்கைக் கும்பிடுவது ஒரு வியாதி.

சீவல் சுருள் (குன்னூர்) | நவம்பர் 29
பளபளா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நானே பியூதான் அடிக்கச் சொல்வேன். இந்த நாற்காலி வேறு. ஸ்பிரிட் பாலிஷைச் செய்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்டே எடுத்துவிடலாம். பியூவை எடுக்க மறுபடியும் மெஷின்தான் வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் மரம் கொஞ்சம் இளைக்கும், முனைகள் மழுங்கும், ஐம்பது வருஷம் கை பட்டு வந்த அந்த மெழுகு மாதிரி வழவழப்பு போய்விடும். அது ஒருமுறை போனால் திரும்ப வராது.

தங்கச்சி, முதலில் மேலே இருப்பது என்ன என்று கண்டுபிடியுங்கள். கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாகப் பஞ்சில் ஒட்டினால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பிற்காலத்தில் யாரோ வார்னிஷோ பியூவோ பூசியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் கணப்பு எரியக் கூடாது.

அப்புறம், அந்தக் கறுப்புப் பிசுபிசுப்பில் முக்கால்வாசி பாலிஷே கிடையாது. கைவேர்வை, எண்ணெய், கணப்புப் புகை. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். துடைத்த பிறகு எனக்கு ஒரு படம் போடுங்கள். திருகாணிகள் தெரிகிற மாதிரி இன்னொன்று.

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 2
அண்ணா, டர்பன்டைனில் மூன்று பழைய வேட்டித் துண்டு கறுத்துப்போனது. அடியிலிருந்து செம்பழுப்பாக மரம் தெரிந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இது நம் நாற்காலியா என்றார். ஸ்பிரிட் வைத்ததில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அப்படியானால் அரக்குதானே?

ஆடும் காலைக் கையால் இழுத்தேன், பாதி வெளியே வந்துவிட்டது. துளைக்குள் நுழையும் நாக்குப் பகுதியில் பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஒரு பசை ஒட்டியிருக்கிறது, நகம் வைத்தால் பொடியாகிறது. அதன் மேலேயே வெள்ளைப் பசையும் இருக்கிறது. திருகாணி எல்லாம் ஒற்றைக் கோடு போட்ட பித்தளை. இந்தக் காலில் மட்டும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ.

சீவல் சுருள் (குன்னூர்) | டிசம்பர் 2
ஸ்டார் ஸ்க்ரூ உலகத்துக்கு வந்ததே 1930-களில். அந்தக் கால் ஏற்கெனவே ஒருமுறை கழன்று, யாரோ அவசரத்துக்குப் பசையையும் இந்தத் திருகாணியையும் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் திரும்பவும் ஆடுகிறது. வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் இறங்கினால்தான் பிடிக்கும், பழைய பசை அடைத்துக்கொண்டிருக்கும் மரத்தில் அதற்கு இடமே இல்லை.

கண்ணாடி மாதிரி இருப்பது வச்சிரம். மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. என் அப்பா பட்டறையில் காலையில் முதல் வேலை வச்சிரக் கட்டியைத் தண்ணீரில் ஊறப் போடுவதுதான். ஊறியதை ஒரு தகரக் குவளையில் வைத்து, அந்தக் குவளையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவோம். நேரே அடுப்பில் வைத்தால் செத்துவிடும். கை பொறுக்காத சூடு போதும், 60 டிகிரி. கொதிக்க விட்டால் ஒட்டும் பலம் போய்விடும்.

வச்சிரத்தின் அருமை என்னவென்றால், தாத்தா ஒட்டியதைப் பேரன் கழற்றலாம். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். அவசரம் என்றால் இணைப்புக்குள் ஊசியால் கொஞ்சம் ஸ்பிரிட் விடுங்கள், பசை வறண்டு நொறுங்கிக் கழன்றுவிடும். வச்சிரத்தின் மேல் வச்சிரம் பூசினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும், சுத்தமாகச் சுரண்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. உங்களுக்கு வேலை வைப்பது அந்த வெள்ளைப் பசைதான். அதை வெந்நீரில் ஊறவைத்து, உளி முனையால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். நாக்கின் மரத்தைச் சீவிவிடாதீர்கள், ஒரு நூல் இளைத்தாலும் ஆடும்.

கிளாம்ப் வாங்கச் செலவழிக்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள். கோணல் மூலைகளை அதைவிட நன்றாக எந்தக் கிளாம்பும் பிடிக்காது. ஒட்டிய உடனே சமதரையில் நிறுத்தி நான்கு காலும் பதிகிறதா என்று பாருங்கள். காய்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

அந்த ஸ்டார் ஸ்க்ரூவை எடுத்துவிட்டுப் பித்தளை போடுவதானால், முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முறுக்கி வழி செய்துவிட்டுப் பித்தளையை இறக்குங்கள். ஈட்டியில் பித்தளையை நேரே முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது.

ஊட்டி உருளை | டிசம்பர் 3
வச்சிரம் காய்ச்சினால் வீடு நாறும் என்பதையும் சொல்லிவிடுங்கள் அண்ணே. என் மனைவி இரண்டு நாள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளாக விரும்பி அங்கே போனது அந்த ஒரு தடவைதான்.

கொல்லிமலை | டிசம்பர் 3
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் பச்சை பெயிண்ட் அடித்த பழைய அலமாரி இருக்கிறது. தேய்த்து எடுக்கலாமா?

சீவல் சுருள் (குன்னூர்) | டிசம்பர் 3
உலர்ந்த நிலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். ரிமூவர் போட்டு ஈரமாகவே வழித்தெடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மீதிக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே நாற்காலி நடக்கிறது.

வெல்லிங்டன் வாசி | டிசம்பர் 5
அந்த மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஈட்டியின் வைரப் பகுதியை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரத்தை, வண்டு சாதாரணமாகத் தொடாது. ஓரத்தில் வெளிறிய பட்டை மாதிரி வெள்ளை விட்டிருப்பார்கள், அதைத்தான் தின்னும். பிரம்பையும் தின்னும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். பழைய துளை என்றால் உள்ளே கறுத்து, அழுக்கேறி இருக்கும். புதுத் துளை வெளிறி, நறுக்கென்று இருக்கும். கறுப்புத் தாள் ஒன்றை அடியில் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். மாவு எந்த இடத்துக்கு நேர் கீழே விழுகிறது என்று பார்த்துவிட்டு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். நாற்காலி முழுக்க மருந்து பூசுவது வீண், பாலிஷைத் தாண்டி உள்ளே போகாது.

கோத்தகிரிக்காரி | டிசம்பர் 20
மாவு முழுக்கச் சீட்டுக்கு நேர் கீழே! பிரம்பில்தான் வண்டு. மரத்தில் ஐந்தாறு பழைய துளைகள் மட்டும், எதிலும் ஒன்றும் கொட்டவில்லை. பிரம்பை வெட்டி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். துளைகளை மெழுகால் அடைத்தேன், இனி புதிதாக ஏதாவது திறந்தால் தெரிந்துவிடும்.

கால் ஒட்டியாயிற்று. நாற்றம் பற்றி ஊட்டி உருளை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். ஆவல் தாங்காமல் நேற்று நாற்காலியின் இடது கையில் ஸ்பிரிட் பாலிஷ் போட்டேன். இங்கே மூன்று நாளாகப் பனிமூட்டம். பூசும்போது அழகாக இருந்தது, பத்து நிமிடத்தில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. அழுகையாக வருகிறது.

சீவல் சுருள் (குன்னூர்) | டிசம்பர் 20
அழாதீர்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிரும், மூட்டக் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படியும், பாலிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். வெள்ளை அதுதான். சமவெளி ஆசாரிகளை மலைக்குக் கூட்டி வந்தால் முதல் வாரம் எல்லோரும் இதில் மாட்டுவார்கள்.

தை பிறக்கட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை கார்த்திகையோடு விடுவதில்லை, மார்கழியிலும் மூட்டம் நிற்கும். தை, மாசியில் விடியலில் உறைபனி விழுந்தாலும் பகல் வெயில் காய்ந்து கிடக்கும். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் பாலிஷ் நேரம். நல்ல வெயில் நாளில் பஞ்சுப் பொட்டலத்தில் ஸ்பிரிட்டை நனைத்தும் நனையாமலும் தொட்டு, வெளுத்த இடத்தை ஒரு தடவை தடவுங்கள். பாலிஷ் இளகி, ஈரம் வெளியேறி, வெள்ளை மறைந்துவிடும்.

புதிதாகக் கரைக்கும்போது லிட்டருக்கு 150 கிராம் அரக்குச் செதில் போதும், தடித்தால் கோடு விழும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த கரைசலைத் தொடாதீர்கள், காயவே காயாது. பொட்டலம் ஒட்டி இழுத்தால் ஆளிவிதை எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப் போடுங்கள். சுருட்டிப் போட்ட துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், கதையில்லை.

பிரம்புக்கை | ஜனவரி 6
பிரம்பு என் பாடம், அதனால் இப்போது வருகிறேன். கடையில் கிடைக்கும் பின்னிய விரிப்பு வேண்டாம். உங்கள் சட்டத்தில் சுற்றிலும் துளைகள் இருக்கும், அது கையால் பின்னுவதற்கு. பிரம்புப் பட்டையை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, மினுமினுப்பான பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள். குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே, மறுபடி நெடுக்கே, அப்புறம் இரண்டு மூலைவாட்டு இழை. கடைசியில் ஓரத்தை மூடும் பட்டை. நான்காவதில்தான் உண்மையான பின்னல் தொடங்கும். மூலைவாட்டு இழை எதன் மேல் போகிறது, எதன் கீழ் நுழைகிறது என்பதை முதல் வரிசையிலேயே சரிபாருங்கள். தப்பினால் பிரம்பு உரசி உரசி அறுந்துவிடும். கல்லாக இறுக்க வேண்டாம், காய்ந்ததும் தானாக இறுகும்.

அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலையைப் பார்வையற்றோர் பலர் பயிற்சி பெற்றுச் செய்து வந்தார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான். முடித்ததும் நடுவில் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். அவர் காதுக்குச் சரியான சத்தம் வராவிட்டால் மறுபடி அவிழ்க்கச் சொல்வார். எனக்கு இன்றுவரை அந்தச் சத்தம் புரிந்ததில்லை, நான் கண்ணால் பார்த்துத்தான் பின்னுகிறேன்.

கோத்தகிரிக்காரி | ஜனவரி 27
வெள்ளை போய்விட்டது! அண்ணன் சொன்ன மாதிரி ஒரே தடவல். பிரம்பு இரண்டாம் முறை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மீதி இருப்பது வலது கையில் உள்ள துரையின் வட்டம். பாலிஷ் எடுத்தும் போகவில்லை. தம்பி அதை வைத்து ரிசார்ட்காரர் ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறான், வெள்ளைக்காரன் விஸ்கி வைத்த நாற்காலி என்று. எனக்கு விற்கும் எண்ணம் இல்லை, அந்தக் கறையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. எடுக்க வழி உண்டா?

வேதியியல் வாத்தியார் (ஊட்டி) | ஜனவரி 28
வழி உண்டு. ஆக்சாலிக் அமிலம், வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு. நஞ்சு அது, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் எடுக்கும் முன் ஒரு விஷயம்.

அது விஸ்கித் தடம் இல்லை. உங்கள் பாலிஷ் அரக்கு. சாராயம் பட்டால் இளகி வெளுக்கும், அதைத்தான் நீங்களே பஞ்சு வைத்துச் சோதித்தீர்கள். கண்ணாடி கிளாஸ் எத்தனை வருஷம் வைத்தாலும் விழுவது வெள்ளை வட்டம், அதுவும் பாலிஷில். மரத்துக்குள் இறங்கிய கறுப்பு வட்டம் என்றால் ஈரத்தோடு இரும்பு சேர்ந்திருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் மை ஆகுமே, அதே கணக்கு. மரத்தில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுத்திருக்கிறது.

துரை இரும்புக் குவளையில் குடித்திருப்பாரா? அடி தேய்ந்து எனாமல் பெயர்ந்த குவளை வைத்த தடம் மாதிரித் தெரிகிறது. படத்தில் வட்டம் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது பாருங்கள், அங்கே எனாமல் பெயராமல் இருந்திருக்கும். வட்டத்தை அளந்து சொல்ல முடியுமா?

கோத்தகிரிக்காரி | ஜனவரி 30
அளந்தேன். குறுக்களவு மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அப்பாவிடம் கேட்டேன். முதலில் விஸ்கி கதையையே சொன்னார். எனாமல் குவளை என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பரணில் ஏறச் சொன்னார். நீல விளிம்பு போட்ட வெள்ளைக் குவளை, கைப்பிடி இல்லை, அடி முழுக்கத் துரு. லயத்து வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) இருந்த காலத்திலிருந்தே தாத்தாவிடம் இருந்ததாம். பங்களாவில் இருந்தவரை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை, துடைத்ததோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலமானால் வாசலில் போட்டு, பால் விடாத கட்டஞ்சாயாவை நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாராம். விஸ்கி கதையைக் கிளப்பியதும் அவரேதானாம், வருகிறவர்களிடம் பெருமைக்கு.

குவளையை வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். விட்டுப்போன இடம் உள்பட அச்சாகப் பொருந்துகிறது.

வேதியியல் வாத்தியார் (ஊட்டி) | ஜனவரி 30
அமிலம் வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பளபளா | ஜனவரி 31
சரி, பியூ வேண்டாம். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனிமேல் டீ டம்ளர் வைக்க ஒரு பலகைத் துண்டாவது போடுவீர்களா மாட்டீர்களா?

மரக்கடைப் பையன் (மேட்டுப்பாளையம்) | ஜனவரி 31
தம்பி ரிசார்ட்காரரிடம் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள் அக்கா.

கோத்தகிரிக்காரி | பிப்ரவரி 16
பிரம்பு முடிந்தது, பதினொரு நாள். ஒரு மூலையில் இழை மாறிப்போயிருக்கிறது, பிரம்புக்கை கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பாலிஷ் ஆறு கை. வலது கையில் வட்டத்தின் மேலேயே பூசிவிட்டேன், இப்போது முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ரிசார்ட்காரர் வந்து பார்த்தார். விஸ்கி இல்லை, கட்டஞ்சாயா என்று அப்பா முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அவர் உட்காராமலே போய்விட்டார். தம்பி என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை, ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்காலியில் அவன்தான் இருக்கிறான்.

சீவல் சுருள் அண்ணா, கணப்புக்கு எவ்வளவு தூரத்தில் போடலாம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

சீவல் சுருள் (குன்னூர்) | பிப்ரவரி 16
ஆறடியாவது தள்ளிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பலகை வளையும், ஒட்டிய கால் மறுபடி வாய் திறக்கும். தம்பி குளிருகிறது என்று இழுத்துக் கிட்டே போடுவார், கவனம்.